கேடியோட மருமகன் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாத்தலை. திரும்பத் திரும்ப வந்த வரிகளை மட்டும் எடுத்திருக்கோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது. நான், மைக், பக்கத்துல ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க மாமா ஒரு கேடி.

சிரிக்காதீங்க. போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ ஒட்டியிருப்பாங்களே, அந்தக் கேடி இல்லை. கோல்ஃப் மைதானத்துல ஆடுறவங்களோட பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பந்து எங்க விழுந்துச்சுன்னு பார்த்து, எந்த மட்டையை எடுக்கணும்னு சொல்லித்தர்ற ஆளுக்கும் கேடின்னுதான் பேரு. எங்க அம்மாவோட தம்பி பெங்களூர்ல ஒரு கிளப்ல 26 வருஷம் அந்த வேலை பார்த்தவர்.

நான் ஓசூர்ல வளர்ந்த பையன். லீவு விட்டா மாமா வீடு. அவர்கிட்ட பிடி கிழிஞ்ச ஒரு பழைய ஏழாம் நம்பர் இரும்பு மட்டை இருக்கும். வீட்டுக்குப் பின்னாடி காலி மனையில அதை வச்சுத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "தோளைத் திருப்புடா, கையை ஆட்டாத"ன்னு ஒரே பாட்டு. ஆனா அவர் வேலை பார்த்த மைதானத்துல அவர் நினைச்ச நாள்ல ஆட முடியாது. திங்கட்கிழமை மெம்பர்களுக்கு லீவு, பராமரிப்பு நாள். அன்னைக்குக் காலையில மட்டும் கேடிங்க ஆடிக்கலாம். "நமக்குத் திங்கட்கிழமைதான்டா ஞாயித்துக்கிழமை"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார்.

அப்புறம் நான் இன்ஜினியரிங் முடிச்சு, பெங்களூர்லயே வேலைக்குச் சேர்ந்து, ஆபீஸ் பசங்களோட டிரைவிங் ரேஞ்ச் போக ஆரம்பிச்சு, விட்ட இடத்துல இருந்து மறுபடி பிடிச்சுக்கிட்டேன். போன வருஷம் ஜூன்ல முதல் முறையா கோல்ஃப் ஆடுறதுக்காகவே ஒரு வெளிநாட்டுப் பயணம் போனேன். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ். அதுவும் தனியா. எப்படித் திட்டம் போட்டேன், அங்க யாரையெல்லாம் பார்த்தேன், இதான் இன்னைக்கு எபிசோட்.

ஏன் அந்த ஊர்?

தாய்லாந்து போடா, பக்கம், செலவும் கம்மின்னு நண்பர்கள் சொன்னாங்க. நியாயமான யோசனைதான். முதல் பயணத்துக்குத் தாய்லாந்து, மலேசியா எல்லாம் நல்ல தேர்வு. ஆனா எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

நம்ம ஊர்ல கோல்ஃப்னா என்ன ஞாபகம் வருது? பெரிய கேட், வாட்ச்மேன், "மெம்பரா சார்?"னு ஒரு கேள்வி. கொல்கத்தாவுல இருக்குற ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829ல ஆரம்பிச்சது. பிரிட்டனுக்கு வெளியே அதுதான் ரொம்பப் பழசு. இருநூறு வருஷமா இந்த ஆட்டம் நம்ம நாட்டுல இருக்கு, ஆனா பெரும்பாலும் அந்த கேட்டுக்கு உள்ளேயே இருக்கு.

இந்த ஆட்டத்தோட தாய்வீடுன்னு சொல்ற செயின்ட் ஆண்ட்ரூஸ்ல கேட்டே கிடையாது. அங்க இருக்குற ஓல்ட் கோர்ஸ் எந்த கிளப்புக்கும் சொந்தம் இல்லை. நிறைய பேர் 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' கிளப்போடதுன்னு நினைப்பாங்க. அந்தக் கல் கட்டடம் முதல் டீக்குப் பின்னாலேயே நிக்கறதால வர்ற குழப்பம். மைதானம் பொது நிலம். 1974ல பார்லிமென்ட் சட்டம் மூலமா உருவான ஒரு டிரஸ்ட் அதைப் பார்த்துக்குது. ஓல்ட், நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், பால்கோவ், காசில்னு மொத்தம் ஏழு கோர்ஸ் அவங்க பொறுப்பு.

இது நேத்து கிடைச்ச உரிமை இல்லை. 1457ல ஸ்காட்லாந்து ராஜா, பசங்க வில்வித்தைப் பயிற்சியை விட்டுட்டு கோல்ஃப் ஆடுறாங்கன்னு தடையே போட்டார். 1552ல ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன், கடலோர மணல் நிலத்துல ஆட ஊர் மக்களுக்கு உரிமை உண்டுன்னு எழுதியே கொடுத்தார். நடுவுல நகர நிர்வாகம் பணக் கஷ்டத்துல நிலத்தைக் கைமாத்த, வந்தவங்க அதுல முயல் வளர்க்க ஆரம்பிச்சாங்க. மைதானம் முழுக்க வளை. கோல்ஃப் ஆடுறவங்களுக்கும் முயல் வளர்க்கிறவங்களுக்கும் இருபது வருஷச் சண்டை. 1821ல பக்கத்து எஸ்டேட்காரர் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாத்தினார். 1894ல ஊரே நிலத்தைத் திரும்ப வாங்கிடுச்சு.

கேட் இல்லாத கோல்ஃப் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

திட்டம் போட்ட கதை

சரி, நோட்ஸ் எடுக்கிறவங்க எடுத்துக்கோங்க.

முதல் விஷயம், ஹேண்டிகேப். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். நீங்க எவ்வளவு நல்லா ஆடுவீங்கன்னு காட்டுற நம்பர் அது. என்னோடது 22.4. அதாவது நல்லா ஆடுற நாள்ல, ஒரு தேர்ந்த ஆட்டக்காரரை விட 22 அடி கூடுதலா அடிப்பேன்னு தோராயமா வச்சுக்கலாம். ஓல்ட் கோர்ஸ்ல ஆட ஹேண்டிகேப் அத்தாட்சி வேணும். 2020ல வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, 54 ஹோல் ஸ்கோர் பதிவு பண்ணா முதல் நம்பர் கிடைக்கும். மூணு முழு ஆட்டம்தான். நான் ஊருக்கு வெளியே, மெம்பர் இல்லாதவங்களும் காசு கட்டி ஆடக்கூடிய ஒரு கோர்ஸ் மூலமா வாங்கினேன். இதைக் கடைசி மாசத்துல தேடாதீங்க. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிங்க.

ரெண்டாவது, விசா. பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு பொதுவா மூணு வாரத்துல முடிவு வரும். பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லீவு லெட்டர், எங்க தங்கறோம், எப்ப திரும்பறோம், எல்லாம் தெளிவா இருக்கணும். நோக்கம்னு கேட்ட இடத்துல 'கோல்ஃப்'னு எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு.

மூணாவது, தங்குற இடம். கோர்ஸ் பக்கத்துல இருக்குற ஹோட்டல் ரேட்டைப் பார்த்தா லேப்டாப்பை மூடிடுவீங்க. ஆனா அது ஒரு யுனிவர்சிட்டி ஊர். 1413ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி. கோடை விடுமுறையில மாணவர்கள் போனதும் ஹாஸ்டல் அறைகளை வாடகைக்கு விடறாங்க. சின்ன ரூம், ஒரு மேஜை, ஜன்னல். நாலு வருஷம் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தவனுக்கு வேற என்ன வேணும்?

நாலாவது, போற வழி. வளைகுடா வழியா எடின்பர்க் ஃபிளைட், ஏர்போர்ட்ல இருந்து டிராம்ல ஹேமார்க்கெட், அங்கிருந்து ஒரு மணி நேரம் ரயில்ல லூக்கர்ஸ். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ரயில் ஸ்டேஷனே கிடையாது. லூக்கர்ஸ்ல இறங்கி பஸ் பிடிச்சா பத்து பதினஞ்சு நிமிஷம். மட்டைகளை நான் கொண்டு போகலை, அங்கேயே வாடகைக்கு எடுத்தேன். ஷூ, கையுறை, மழை ஜாக்கெட் மட்டும் எடுத்துட்டுப் போனேன். அந்த ஜாக்கெட்டை மறக்காதீங்க. ஜூன்ல ராத்திரி 10 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனா கடல் காத்து நம்ம ஊர் டிசம்பர் மாதிரி இருக்கும்.

அஞ்சாவது, பணம். மறைக்காம சொல்றேன், எல்லாம் சேர்த்து எனக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் ஆச்சு. ரெண்டு வருஷம் சேர்த்தேன். ஓல்ட் கோர்ஸ்ல சீசன் நேரத்துல வெளியூர்க்காரங்களுக்கு ஒரு ஆட்டம் 300 பவுண்டுக்கு மேல. பொது நிலம்னா இலவசம்னு அர்த்தம் இல்லை. உள்ளூர்க்காரங்க வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு கட்டி ஏழு கோர்ஸ்லயும் ஆடறாங்க. நம்மகிட்ட வாங்குற காசுல பராமரிப்பு நடக்குது. மத்த கோர்ஸ் எல்லாம் கட்டணம் கம்மி, முன்னாடியே புக் பண்ணவும் முடியும். அதனால என் திட்டம் சிம்பிள். நியூ, ஸ்ட்ராத்டைரம் ரெண்டும் உறுதி. ஓல்ட் கிடைச்சா லாபம். கிடைக்காட்டி அழக்கூடாது.

ஏன் கிடைக்காமப் போகும்? ஏன்னா அது குலுக்கல். ரெண்டு பேர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் உள்ள குழுன்னா, ஆடுற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேர் கொடுக்கணும். தனி ஆளுக்கு வேற முறை. முன்னாடி எல்லாம் ராத்திரி முழுக்க வெளியே வரிசையில உட்கார்ந்திருப்பாங்களாம், மழையிலயும். 2024ல அதை மாத்தினாங்க. முந்தின நாள் நேர்ல போய், அடையாள அட்டையும் ஹேண்டிகேப்பும் காட்டிப் பதிஞ்சுட்டு வந்தா போதும், சாயங்காலம் குலுக்கல், முடிவு போனுக்கு வந்துடும். மூணு பேர் குழுவுல ஒரு இடம் காலியா இருந்தா அதுல நம்மைச் சேர்த்துவிடுவாங்க.

இந்தக் கடைசி வரியைக் கவனிங்க. தனியா போறவனுக்கு, தெரியாத மூணு பேரோட சேராம ஆட்டமே இல்லை. எனக்கு அதான் பெரிய பயம்.

ஞாயித்துக்கிழமை

நான் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிறு மதியம். பையை ரூம்ல போட்டுட்டு நேரா ஓல்ட் கோர்ஸ். ஓரத்துல ஒரு வெள்ளைத் தடுப்பு, அதுல ஒரு இடைவெளி. நான் அங்கேயே நின்னுட்டேன். வாட்ச்மேன் எங்கன்னு கண்ணு தேடுது. பழக்க தோஷம்.

நாயைப் பிடிச்சுக்கிட்டு வந்த ஒரு அம்மா, என்ன தேடறீங்கன்னு கேட்டாங்க. "உள்ளே போகலாமா?"ன்னேன். இன்னைக்கு ஞாயிறுதானே, தாராளமா நடங்கன்னு சொல்லிட்டு அவங்க நாயோட போயிட்டே இருக்காங்க.

விஷயம் என்னன்னா, பெரிய போட்டி நடக்குற சில ஞாயிறுகளைத் தவிர, ஓல்ட் கோர்ஸுக்கு ஞாயிறு விடுமுறை. அன்னைக்கு அது ஊர்ப் பூங்கா. குழந்தைங்க ஓடுது, யாரோ பிக்னிக் பாயை விரிக்கிறாங்க, கல்யாண ஜோடி ஒண்ணு பாலத்துல நின்னு போட்டோ எடுக்குது. உலகத்துலயே பேர் போன ஃபேர்வே, அது மேல ஒரு பாட்டி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடந்து போறாங்க.

நான் பதினெட்டாவது ஹோல்ல போய் நின்னு மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஓசூர்ல அப்போ ராத்திரி. "மாமா, இங்க ஞாயித்துக்கிழமை எல்லாரும் உள்ளே வரலாமாம்"னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "புல்லைக் காட்டு"ன்னார். குனிஞ்சு கேமராவைப் புல்லு கிட்ட கொண்டு போனேன். "அடியில மணல்டா. தண்ணி நிக்காது. பந்து உருண்டுக்கிட்டே போகும். மேல தூக்கி அடிக்காத, உருட்டு"ன்னார். வாழ்க்கையில ஒரு தடவை கூடக் கடலோர மைதானத்தைப் பார்க்காத ஆளு, மக்களே.

முன்பின் தெரியாத மூணு பேர்

திங்கட்கிழமை நியூ கோர்ஸ். பேருதான் நியூ, கட்டினது 1895. என்னைச் சேர்த்துவிட்ட குழுவுல யாருன்னா, ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல, பஸ் டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவர். அப்புறம் கனடாவுல இருந்து வந்த அம்மாவும் பொண்ணும். அம்மா நர்ஸ், பொண்ணு காலேஜ்.

எனக்கு வயித்தைக் கலக்குது. இவங்க ஆட்டத்தை நான் கெடுத்துடுவேனோன்னு. முதல் டீயிலயே சொல்லிட்டேன், நான் சுமாரா ஆடுவேன், வெளிநாட்டுல ஆடுறது முதல் தடவைன்னு. அதுக்கு அந்த டிரைவர் சொன்னதுதான் முழுப் பயணத்துக்கும் எனக்குக் கிடைச்ச பெரிய பாடம். மோசமா ஆடறவனை யாரும் குறை சொல்ல மாட்டாங்க, மெதுவா ஆடறவனைத்தான் திட்டுவாங்கன்னார்.

அதனால போறவங்களுக்கு என் பட்டியல் இதான். உங்க முறை வர்றதுக்கு முன்னாடியே மட்டையை எடுத்துத் தயாரா நில்லுங்க. பந்து காணோம்னா மூணு நிமிஷம்தான் விதி, அதுக்கு மேல தேடாதீங்க. அடுத்தவர் பந்தையும் கண்ணால தொடருங்க, அதைத் தேடிக்கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல நண்பராயிடுவீங்க. பங்கர்ல இருந்து வெளியே வந்தா மணலைச் சமப்படுத்துங்க. கிரீன்ல அடுத்தவரோட பந்துக்கும் குழிக்கும் நடுவுல நடக்காதீங்க. ஒரு ஹோல்ல சுத்தமா சொதப்பிட்டா பந்தைக் கையில எடுத்துட்டு அடுத்ததுக்கு நடங்க. ஒண்ணும் ஆகாது.

பேச்சு எப்படி ஆரம்பிக்கும்னு கவலையே வேண்டாம். நாலு மணி நேரம் சேர்ந்து நடக்கிறோம். அடிக்கிறது எல்லாம் கூட்டினா சில நிமிஷம்தான், மிச்சம் எல்லாம் நடையும் பேச்சும்தான். ஆபீஸ்ல மூணு வருஷம் பக்கத்து சீட்ல இருந்தவரைப் பத்தி எனக்குத் தெரியாத அளவுக்கு அந்த டிரைவரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். மனைவி போன பிறகு, வாரத்துல நாலு நாள் தனியா வந்து யாரோடயாவது சேர்ந்து ஆடறாராம். "வீட்ல இருந்தா டிவிகூடத்தான் பேசணும்"னார். நர்ஸ் அம்மாவுக்கு அது வேலையை விட்டதும் எடுத்த முதல் லீவு. பொண்ணு என்னை விட நாற்பது கஜம் தள்ளி அடிக்குது. என் ஸ்கோர் 108. ஆனா பதினாலாவது ஹோல்ல ஒரு நீளமான அடி உருண்டு போய்க் குழியில விழுந்துச்சு. மாமா சொன்ன மாதிரியே உருட்டினதுதான். மூணு பேரும் கை தட்டினாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் நாங்க நாலு பேரும் 'ஹிமாலயாஸ்' போனோம். 1867ல பெண்களுக்காக ஆரம்பிச்ச பட்டிங் கிளப்போட இடம் அது. மேடும் பள்ளமுமா ஒரு புல் திடல். சில பவுண்டு கொடுத்தா மட்டையும் பந்தும் கொடுத்து விடறாங்க, யார் வேணா ஆடலாம். கோல்ஃப் தெரியாத நண்பரைக் கூட்டிட்டுப் போனா முதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க. ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு எங்க நாலு பேரையும் விட நல்லா ஆடுச்சு.

குலுக்கல்

ஞாயித்துக்கிழமை நான் போய்ச் சேரும்போதே நேரம் ஆயிடுச்சு, திங்களுக்குப் பதியலை. திங்கட்கிழமை பதிஞ்சேன், கிடைக்கலை. செவ்வாய் பதிஞ்சேன், கிடைக்கலை. அன்னைக்கு ஸ்ட்ராத்டைரம்ல ஆடினேன், சுகமான கோர்ஸ், பங்கர் கம்மி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஏத்தது. புதன் மதியம் மறுபடி போய் வரிசையில நிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில எனக்கு ஃபிளைட். இதான் கடைசி வாய்ப்பு.

சாயங்காலம் துறைமுகத்துல மீன் வறுவலும் சிப்ஸும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது போன் அடிச்சுச்சு. வியாழக்கிழமை, காலை 9 மணிக்கு மேல, ஓல்ட் கோர்ஸ்.

மாமாவுக்குத்தான் முதல் போன். "கேடி வச்சுக்கோ. காசைப் பார்க்காத. அந்த மைதானம் உனக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும்"ன்னார். உடனே போய்ப் பதிஞ்சேன்.

உண்மையைச் சொன்னா எனக்கு அதுல ஒரு கூச்சம் இருந்துச்சு. என் மாமா இருபத்தாறு வருஷம் சுமந்த மாதிரி என் பையை இன்னொருத்தர் சுமக்கப் போறார். அந்த ராத்திரி சரியா தூங்கலை.

ஓல்ட் கோர்ஸ்

எனக்கு வந்த கேடிக்கு ஐம்பது வயசு இருக்கும். கை குலுக்கிட்டுப் பையைத் தூக்கினார். நான் எதுக்கும் சொல்லி வச்சுடலாம்னு, "எங்க மாமாவும் கேடிதான், இந்தியாவுல"ன்னேன். அவர் நின்னு திரும்பிப் பார்த்தார். "எத்தனை வருஷம்?" "இருபத்தாறு." "என்னை விட சீனியர்"ன்னார்.

முதல் டீ பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. பின்னாடி அந்தக் கல் கட்டடம், பக்கத்துல வேலியைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிற கூட்டம். முதல் ஹோலும் பதினெட்டாவது ஹோலும் ஒரே ஃபேர்வேயைப் பங்கு போட்டுக்குது, அதனால அகலத்துக்குக் குறைவே இல்லை. அதுக்கு நடுவுல ஒரு பொதுப் பாதை வேற போகுது, ஆட்டம் நடக்கும்போதும் ஜனங்க கடந்து போறாங்க. கேடி தூரத்துல ஒரு புள்ளியைக் காட்டி, அதைப் பாருங்க, வேற எதையும் பார்க்காதீங்கன்னார். அடிச்சேன். நேரா போச்சு. தூரம் போகலை, ஆனா நேரா போச்சு.

அந்த மைதானத்தோட ஒரு விசித்திரத்தைச் சொல்லணும். பதினாலு ஹோல், ரெண்டு ரெண்டா ஒரே கிரீனைப் பகிர்ந்துக்குது. ரெண்டாவதும் பதினாறாவதும் ஒரே கிரீன், மூணாவதும் பதினைஞ்சாவதும் ஒரே கிரீன், இப்படியே. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். நாம ஒரு பக்கம் ஆடிட்டு இருக்கும்போது எதிர்த் திசையில இருந்து வேற நாலு பேர் அதே கிரீனுக்கு வருவாங்க. கை காட்டிக்கிட்டு ஆளுக்கொரு பாதியில ஆடணும்.

பங்கர் மொத்தம் 112. பாதிக்கு மேல டீயில இருந்து கண்ணுக்கே தெரியாது. கேடி எதுக்குன்னு அப்பதான் புரியுது. பதினொண்ணாவது ஹோல்ல ஒண்ணுல விழுந்து வெளியே வர நாலு அடி ஆச்சு. என் முகத்தைப் பார்த்துட்டு அவர் சொன்னார், 1921ல இதே ஹோல்ல பாபி ஜோன்ஸ் பங்கர்ல மாட்டி, ஓபன் போட்டியையே பாதியில விட்டுட்டுப் போனாராம். 1927ல திரும்பி வந்து இதே ஊர்ல ஓபனை ஜெயிச்சார். "உங்களுக்கும் ஆறு வருஷம் இருக்கு"ன்னார். கூட ஆடின மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. ஜெர்மனியில இருந்து வந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர், தம்பியோட மாமனார் ஒருத்தர். அவங்களும் முதல் தடவைதான்.

பதிமூணாவது ஹோல் பக்கம் நடக்கும்போது கேடி கேட்டார், "உங்க மாமா ஆடுவாரா?" சொன்னேன், நல்லா ஆடுவார், ஆனா திங்கட்கிழமை காலையில மட்டும்னு. அவர் கொஞ்ச தூரம் பேசாம நடந்தார். அப்புறம் சொன்னார், நான் சாயங்காலம் வேலை முடிஞ்சு பையை இறக்கிட்டு, என் சொந்த மட்டையை எடுத்துட்டு இதே புல்லுல ஆடுவேன், இந்த ஊர்க்காரன்கிறதால எனக்கு டிக்கெட் இருக்குன்னு. பெருமையா சொல்லலை. இங்க அது சாதாரணம்.

எனக்குள்ள ஏதோ ஒண்ணு இறங்குச்சு. நம்ம ஊர்க் கேடிங்க கிட்ட திறமை இல்லாம இல்லை. 1991ல இந்தியன் ஓபனை முதன்முதலா ஜெயிச்ச இந்திய புரொஃபஷனல் ஆட்டக்காரர் அலி ஷேர், கேடியா இருந்தவர். 2009ல அதே கோப்பையை வாங்கின பெங்களூர் முனியப்பாவும் கேடியா இருந்தவர்தான். ஒரு திங்கட்கிழமை காலையை மட்டும் வச்சுக்கிட்டு அங்க வரைக்கும் போயிருக்காங்க. வாரத்துல ஏழு நாளும் கொடுத்திருந்தா?

இந்த ஊர்லயும் பழைய கதை வேறதான். ஓபனை நாலு தடவை ஜெயிச்ச ஓல்ட் டாம் மாரிஸ் ஒரு நெசவாளியோட மகன். பந்து செய்யற தொழிலாளியா ஆரம்பிச்சு, இந்த மைதானத்தையே பராமரிச்சவர். திறமை எங்க இருந்து வேணா வரும். நிலம் யாருக்குத் திறந்திருக்குங்கிறதுதான் கேள்வி.

பதினேழாவது ஹோல்ல ஹோட்டலோட பச்சை ஷெட்டுக்கு மேல அடிக்கணும், பார்க்கவே முடியாது. ஷெட்டுச் சுவர்லயே அடிச்சேன், சத்தம் நல்லா கேட்டுச்சு. பதினெட்டுல ஸ்வில்கன் பாலம். போட்டோவுல பெருசா தெரியும், நேர்ல பத்து எட்டு வச்சா முடிஞ்சுடும். நூற்றாண்டுகளுக்கு முன்னாடி ஆடு மாடு ஓட்டிப் போறதுக்குக் கட்டின கல் பாலம். ஜெர்மன்காரங்க நாலு பேரையும் சேர்த்து போட்டோ எடுக்கணும்னாங்க. நான் கேடியையும் இழுத்து நிறுத்தினேன்.

கடைசி கிரீன்ல பன்னிரண்டு அடி தூரத்துல பந்து. கேடி மண்டி போட்டுப் பார்த்துட்டு, "குழிக்கு இடது ஓரம்"ன்னார். அவர் சொன்ன மாதிரியே அடிச்சேன். பந்து இடது பக்கமே போயிடுச்சு. அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "நான் தப்பா பார்த்துட்டேன். உங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னார்.

ஸ்கோர் 103.

மாமா கேட்ட கேள்வி

ரூமுக்கு வந்து போன் பண்ணேன். மாமா ஸ்கோரே கேட்கலை. முதல் கேள்வி, "லைன் சரியா சொன்னானா?" சொல்லக்கூடாதுன்னு நினைச்சேன், வாய் வந்துடுச்சு. மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே, பக்கத்து ரூமுக்கே கேட்டிருக்கும். "கடல் காத்துடா, கடைசி நேரத்துல தள்ளியிருக்கும். அவன் மேல தப்பு இல்லை"ன்னார். அடுத்த கேள்வி, "டிப்ஸ் ஒழுங்கா கொடுத்தியா?" கொடுத்தேன் மாமான்னேன். "எண்ணிப் பார்க்காம கொடுத்தியா?"ன்னார். அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை.

மக்களே, முதல் கோல்ஃப் பயணம் போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். கூட வர ஆள் இல்லைன்னு தள்ளிப்போடாதீங்க. நான் ஆளோட போயிருந்தா எங்க குரூப், எங்க பேச்சு, எங்க போட்டோன்னு இருந்துட்டு வந்திருப்பேன். தனியா போனதாலதான் டிரைவர் தாத்தா கிடைச்சார், நர்ஸ் அம்மா கிடைச்சாங்க, மாமாவைப் பத்திக் கேட்ட கேடி கிடைச்சார். டிரைவர் தாத்தா இப்பவும் வாரத்துக்கு ஒரு தடவை அவரோட ஸ்கோரை அனுப்பி வைக்கிறார். நான் என்னோடதை அனுப்பறேன். ரெண்டுமே வெளியே சொல்ற மாதிரி இருக்காது.

இன்னொரு விஷயம். திரும்பி வந்த பிறகு மாமாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்துட்டோம். அறுபது வயசுல முதல் பாஸ்போர்ட். ஆடணும்னுகூட இல்லைன்னு சொல்றார். ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் புல்லுல நடந்தா போதுமாம். நான் மறுபடியும் சேர்க்க ஆரம்பிச்சுட்டேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கு.

உங்க ஊர்ல மெம்பர் இல்லாதவங்க ஆடக்கூடிய ரேஞ்ச், கோர்ஸ் ஏதாவது தெரிஞ்சா எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன். ஒருவேளை உங்க வீட்லயும் ஒரு கேடி இருந்தா, அவர்கிட்ட ஒரு தடவை மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பாருங்க. சரி, டீ ஆறிப்போச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.